கவுணைத் திருப்பிக் கொடுத்தாச்சு, மறுகா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதக் கேள்விகள் பல்கலைக்கழகப் பழைய மாணவர் தொடர்பு பற்றியவை. பதில் சொல்பவர் இலங்கையின் கிழக்கிலே பல்கலைக்கழக நிருவாகத்தில் நீண்டகாலம் இருந்து, பிரதிப் பதிவாளராக ஓய்வுபெற்றவர். கடைசி வருடங்களில் பழைய மாணவர் தொடர்புப் பிரிவைக் கொண்டு நடத்தியவர். இப்போது கல்லடியில் இருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்றார். நீங்கள் பெரும்பாலும் ‘மெடம்’ என்றே எழுதியிருந்தீர்கள், அப்படியே விட்டுவிட்டோம்.

மெடம், நான் விரிவுரையாளர். போன மாதம் உபவேந்தர் கூப்பிட்டு, “பழைய மாணவர் தொடர்பை இனி நீங்க பாருங்க” என்றார். ஒரு அறை, ஒரு கணினி, ஒரு முகாமைத்துவ உதவியாளர் தந்திருக்கிறார்கள். முதல் வேலையாக நல்ல இணையத்தளம் ஒன்று செய்யலாம் என்று நினைக்கிறேன். சரிதானா?
— விரிவுரையாளர், செங்கலடி

வேண்டாம் தம்பி. இணையத்தளம் செய்தால் திறப்பு விழா வைக்கவேண்டி வரும். விழாப் படத்தைத் தளத்தில் போடுவீர்கள். இரண்டு வருடம் கழித்துத் திறந்து பார்த்தாலும் அதே படம்தான் முகப்பில் நிற்கும்.

முதல் வேலை பெயர்ப் பட்டியல். பெயர்கள் உங்கள் வளாகத்துக்குள்ளேயே கிடக்கின்றன: பரீட்சைப் பிரிவின் பேரேட்டில், பட்டமளிப்பு விழாவுக்கு அச்சிடுகிற நூலில், மாணவர் விவகாரப் பிரிவின் கோவைகளில். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒத்துப்போகாது. ஒரே ஆள் ஒன்றில் தவராசா, மற்றதில் தவராஜா. ஆங்கில எழுத்தில் எழுதினது இன்னும் மோசம். கல்முனை, சம்மாந்துறைப் பக்கத்துப் பிள்ளைகள் என்றால் எம்.ஐ.எம்., ஏ.எல்.எம். என்று தொடங்குகிற பெயர்கள் ஒரே பட்ச்சில் நாலைந்து இருக்கும். பெண்பிள்ளைகள் கலியாணத்துக்குப் பிறகு தகப்பனின் முதலெழுத்தை விட்டுவிட்டுப் புருசன் பெயரைச் சேர்த்துக்கொள்வார்கள். பழைய பெயரில் தேடினால் பிடிபடவே மாட்டார்கள். ஆகவே பெயரை நம்பாதீர்கள், மாணவர் பதிவிலக்கத்தை நம்புங்கள். அதன்மேல்தான் மற்ற எல்லாவற்றையும் கட்டவேண்டும்.

இனி வெளியேறப் போகிறவர்களைப் பிடிக்க ஒரு இடம் சொல்லுகிறேன். பட்டமளிப்புக் கவுண் மேசை. கட்டுப்பணம் கட்டிக் கவுண் எடுப்பார்கள், திருப்பிக் கொடுத்தால் கட்டுப்பணம் கிடைக்கும். உங்கள் ஆளைக் கொடுக்கிற மேசையில் இருத்தாதீர்கள், திருப்பி வாங்குகிற மேசையில் இருத்துங்கள். எடுக்கிற நேரம் பிள்ளைக்கு ஒன்றும் ஏறாது. அளவு சரியா என்று பார்க்கவேண்டும், அம்மா அப்பா வெளியே வெயிலில் நிற்கிறார்கள், போட்டோக்காரர் கூப்பிடுகிறார். திருப்பிக் கொடுக்கிற நேரம் எல்லாம் முடிந்து, போகவும் மனம் வராமல் ஆறுதலாக நிற்பார்கள். படிவத்தை அப்போது நீட்டினால் கையெழுத்துக்கூட அழகாக வரும்.

படிவத்தில் சொந்த இலக்கத்தோடு தாயின் தொலைபேசி இலக்கத்தையும் கேளுங்கள். பிள்ளை சிம் மாற்றுவான், கட்டார் போவான், அங்கே இன்னொரு சிம் எடுப்பான். அம்மாமார் இலக்கம் மாற்றுவதில்லை. நான் அப்படி எடுத்த அழைப்பு ஒன்று. வாழைச்சேனையில் ஒரு தாய். கம்பஸில் இருந்து கதைக்கிறேன் என்றதுமே குரல் மாறிவிட்டது. “என்ன மகள், அவன் லைப்ரரிக்கு ஏதும் காசு கட்டோணுமா?” “இல்லம்மா, தம்பி எப்படி இருக்கிறார், எங்க வேலை எண்டு கேக்கத்தான் எடுத்தன்.” கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. “இதுக்கெண்டா எடுத்தீங்க?” என்று கேட்டார். பிறகு கதைத்தார், கதைத்தார், மருமகள் சமைக்கிற கறிவரைக்கும் கதைத்தார். அடுத்த கிழமை அந்தப் பையனே வெளிநாட்டிலிருந்து எடுத்தான். பல்கலைக்கழகம் தேடி வந்தாலே கடன் கேட்கத்தான் வரும் என்று நம்முடைய சனம் நினைக்கிறது பாருங்கள், அதை மாற்றுவதுதான் உங்கள் பதவி.

இன்னுமொன்று. சேர்த்த பட்டியலை வட்ஸ்அப் குழுவில் தூக்கிப் போடாதீர்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், ஒரு பெண்பிள்ளையின் இலக்கம் ஊரெல்லாம் சுற்றினால் அவள் உங்கள் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டாள்.

புனித மிக்கேல், மெதடிஸ்த மத்திய கல்லூரி, சிவானந்தா என்று பள்ளிக்கூடங்களுக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள் நம்மவர்கள். அதே ஆட்கள் தங்களுக்குப் பட்டம் தந்த பல்கலைக்கழகத்துக்கு ஐந்து சதம் கொடுக்கமாட்டார்கள். நன்றி கெட்டவர்களா இவர்கள்?
— ஓய்வுபெற்ற அதிபர், ஆரையம்பதி

சேர், அவ்வளவு கடுமையாகச் சொல்லாதீர்கள். மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814 இல் தொடங்கியது. புனித மிக்கேல் 1873. சிவானந்தா 1929. அப்பப்பா படித்த பள்ளிக்கூடத்தில் அப்பா படித்தார், இப்போது மகன் படிக்கிறான். கொடுக்கிற காசு பேரன் இருக்கப்போகிற வகுப்புக்குப் போகிறது. கிழக்குப் பல்கலைக்கழகம் 1981 ஓகஸ்ட் 1 ஆம் திகதி வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்து வளவில் பல்கலைக்கழகக் கல்லூரியாக ஆரம்பித்தது. 1986 ஒக்டோபர் 1 இல் பல்கலைக்கழகமானது. முதல் பட்ச்காரர் பென்சன் எடுத்து இன்னும் அதிக காலம் ஆகவில்லை. தலைமுறைப் பாசம் ஊறுவதற்கு நேரம் வேண்டாமா?

பள்ளிக்கூடத்தில் பதின்மூன்று வருடம் இருக்கிறோம், கம்பஸில் மூன்று, நான்கு. அந்த நாலு வருடப் படிப்பும் பலருக்கு நாலு வருடத்தில் முடியவில்லை. 80களின் கடைசியிலும் 90களிலும் சேர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். சண்டை, மூடல், திறப்பு, பரீட்சை ஒத்திவைப்பு, மறுபடி மூடல். ஒரு மனிதரின் இருபது வயதை இழுத்தடித்துவிட்டு நாற்பது வயதில் போய் “நம்ம கம்பஸ்” என்றால் உடனே உருகிவிடுவாரா?

மேடையில் யாரும் பேசாத காரணம் ஒன்றும் உண்டு. பகிடிவதை. அதைத் தடைசெய்து 1998 இல் 20 ஆம் இலக்கச் சட்டம் வந்தது, ஆனால் சட்டம் வந்ததால் மனதில் பட்டது மறையாது. முதலாம் வருடத்தில் தன்னை முட்டுக்காலில் இருத்தியவன் இன்றைக்குச் சங்கத்தில் முன்வரிசையில் இருக்கிறான் என்றால் அந்த ஒன்றுகூடலுக்கு எவன் வருவான்? “அந்த ஹொஸ்டல் வாசல மிதிக்கமாட்டன் மெடம். லைப்ரரிக்குப் புத்தகம் வேணுமெண்டாத் தாறன்” என்று ஒரு பெண் எனக்குச் சொன்னார். இப்போது நல்ல பதவியில் இருக்கிறவர். புத்தகத்தை நன்றியோடு வாங்கினோம். வாசலுக்கு வரச்சொல்லி நான் கேட்கவேயில்லை.

ஆகவே எல்லோரையும் ஒரே நாளில் ஒரே மண்டபத்தில் கூட்டுவதைவிட முதலில் பட்ச் பட்ச்சாகக் கூட்டுவது நல்லது. கூடப் படித்தவன் கூப்பிட்டால் வருவார்கள். பீடாதிபதி கூப்பிட்டால் “பார்ப்பம்” என்பார்கள்.

சங்கத் தலைவர் பதவிக்கு ஏன் இவ்வளவு அடிதடி? சம்பளம்கூட இல்லையே!
— ஏறாவூர் வாசகர்

மாலை இருக்கிறதே.

நாங்கள் ரொறன்ரோவில் இருக்கிற பழைய மாணவர்கள். வசதி குறைந்த பிள்ளைகளுக்கென்று இரண்டு முறை காசு சேர்த்து அனுப்பினோம். முதல் முறை முகநூலில் நன்றி சொன்னார்கள். இரண்டாம் முறை அதுவும் இல்லை. இப்போது மூன்றாம் முறை கேட்டு ஸூம் கூட்டம் வைக்கப் போகிறார்களாம். என்ன செய்யலாம் அக்கா?
— ரொறன்ரோ வாசகர் (சொந்த இடம் களுவாஞ்சிகுடி)

கூட்டத்துக்குப் போங்கள் தம்பி. போய், முதல் இரண்டு முறையின் கணக்கைக் கேளுங்கள். சண்டை பிடிக்காமல் கேளுங்கள், ஆனால் கேட்காமல் விடாதீர்கள்.

பல்கலைக்கழகத்துக்கு என்று கொடுக்கிற காசு நிதியாளர் அலுவலகத்துக்குப் போய் ரசீது வெட்டப்படும். அந்தக் கணக்கைத் தேசிய கணக்காய்வு அலுவலகம் பார்க்கும். சங்கத்துக்கு என்று கொடுக்கிற காசு சங்கத்தின் வங்கிக் கணக்குக்குப் போகும். அதைப் பார்க்க இருப்பது சங்கத்தின் பொதுக்கூட்டம் மட்டும்தான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வெளிநாட்டில் இருக்கிற பலருக்குத் தெரியாது. எந்தக் கணக்குக்கு அனுப்பினீர்கள் என்று வங்கிச் சீட்டை எடுத்துப் பாருங்கள். தனியாள் பெயரில் உள்ள கணக்குக்கு அனுப்பியிருந்தால், ஆள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இனி அனுப்பாதீர்கள். நல்லவருக்கும் அது சங்கடம்தான்.

இதை வாசிக்கிற பொறுப்பாளர்களுக்கும் சொல்லுகிறேன். வந்த காசு கிணற்றில் போட்ட கல்லாக இருக்கக்கூடாது. இரண்டு கிழமைக்குள் ரசீது. மூன்று மாதத்தில் ஒரு பக்கக் கடிதம்: எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, மிச்சம் எவ்வளவு, மிச்சம் ஏன் இன்னும் செலவாகவில்லை. இந்தக் கடைசிப் பகுதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். “பிள்ளைகளைத் தெரிவுசெய்ய இன்னும் குழு கூடவில்லை” என்று உண்மையைச் சொன்னால் யாரும் கோபிப்பதில்லை. ஒன்றும் சொல்லாவிட்டால்தான் ஊர்க்கதை முளைக்கும். போன காசுக்குக் கணக்குக் கொடுக்காமல் அடுத்ததைக் கேட்க நான் இருந்த காலத்தில் விடவில்லை. அதற்காகச் சிலர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பரவாயில்லை.

உதவி பெறுகிற பிள்ளையின் படத்தையும் பெயரையும் போட்டுக் காசு சேர்க்காதீர்கள். மகாபொலப் புலமைப்பரிசு எடுக்கிற பிள்ளையின் படத்தை யாராவது பத்திரிகையில் போடுகிறார்களா? சங்கத்தின் காசு எடுக்கிற பிள்ளைக்கும் அதே மரியாதை வேண்டும்.

ஸூம் கூட்டம் என்றதும் ஞாபகம் வருகிறது. தை மாதம் இங்கே இரவு 7.30 என்றால் லண்டனில் பிற்பகல் 2 மணி, ரொறன்ரோவில் காலை 9 மணி, மெல்பேர்னில் நடுச்சாமம் தாண்டி 1 மணி. அவுஸ்திரேலியாக்காரர் கூட்டத்துக்கு வாறதில்லை என்று குறைசொல்லும் செயலாளர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

நான் கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு பாடசாலையில் கற்பிக்கிறேன். கிழக்குப் பல்கலைக்கழகத்தில்தான் படித்தேன். வெளியே வந்து இத்தனை வருடத்தில் பழைய மாணவி என்று யாரும் என்னை ஒன்றுக்கும் கூப்பிட்டதில்லை. எங்களிடம் காசு இல்லை என்பதாலா?
— ஆசிரியை, படுவான்கரை

ஓம் மகள், அதுதான் காரணம். மறைத்துச் சொல்ல என்ன இருக்கிறது?

பழைய மாணவர் என்றதும் நம்முடைய சங்கங்களின் கண் விமான நிலையத்துக்குத்தான் போகிறது. பிளேனில் வருகிறவருக்கு மாலை. பஸ்ஸில் வருகிறவருக்குக் கதிரை அடுக்குகிற வேலை. ஆனால் படித்து வெளியேறினவர்களில் பெரும்பகுதி எங்கேயும் போகவில்லை. பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறார்கள். விவசாயப் போதனாசிரியராக மோட்டார் சைக்கிளில் வயல் வயலாகத் திரிகிறார்கள். வங்கிக் கவுண்டரில் இருக்கிறார்கள். உங்களைப் போல ஆற்றைக் கடந்து போய்ப் படிப்பிக்கிறார்கள். இவர்களை விட்டுவிட்டு நடத்துகிற பழைய மாணவர் தொடர்புக்கு வேர் எங்கே இருக்கும்?

உங்களிடம் கேட்கவேண்டியது காசு இல்லை. ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடிவு வந்ததும் உங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைத் தூக்கிக்கொண்டு யாரிடம் வருகிறார்கள்? உங்களிடம். எந்தப் பாடநெறியை முதலில் போடுவது, எந்த யூனிகோட்டை, அதாவது பாடநெறியும் பல்கலைக்கழகமும் சேர்ந்த குறியீட்டை, பத்தாவதாகப் போடுவது என்று இருந்து நிரப்பிக் கொடுப்பவர் நீங்கள். பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. இது தெரியாமல் விருப்பத் தெரிவைக் குறைவாகப் போட்டுவிட்டு வீட்டில் இருந்த பிள்ளைகள் எத்தனை பேர். ஒரு படிவத்தைச் சரியாக நிரப்பிக் கொடுத்தால் பிள்ளைக்கு ஒரு இடம். டொலரில் வருகிற எந்த நன்கொடையும் இதைச் செய்யாது.

நான் பொறுப்பில் இருந்தபோது உள்ளூர் ஆட்களிடம் கேட்டது ஒரு மணித்தியாலம், அவ்வளவுதான். கடைசி வருடப் பிள்ளைகளுக்கு ஒத்திகை நேர்முகம் வைத்தோம். வங்கி முகாமையாளர் ஒருவர், தொண்டு நிறுவனத்து உத்தியோகத்தர் ஒருவர், பாசிக்குடா ஹோட்டல் ஒன்றில் மனிதவளப் பிரிவில் இருந்த தம்பி. எல்லோரும் நம்முடைய பழைய மாணவர்கள். கதிரையில் நேரே இருக்கத் தெரியாமல் பிள்ளைகள் நெளிகிறார்கள். “உங்களைப் பற்றிச் சொல்லுங்க” என்று கேட்டால் தகப்பன் பெயர், ஊர், பள்ளிக்கூடம் என்று மூச்சுவிடாமல் ஒப்புவிக்கிறார்கள். அந்த ஹோட்டல் தம்பி இடையில் நிறுத்தி, “சரி, அதெல்லாம் உங்கட பயோடேட்டால கிடக்கு. போன கிழமை நீங்க செய்த ஒரு வேலையைச் சொல்லுங்க” என்றார். வந்திருந்த பிள்ளை கொஞ்சம் யோசித்து, தகப்பனோடு போய்ச் சுங்கான்கேணியில் வாங்கின கடலையை வறுத்துச் சந்தையில் விற்ற கதையைச் சொன்னது. விலை, இலாபம், மிஞ்சினதை என்ன செய்தது எல்லாம் சொன்னது. “இதைத்தான் நேர்முகத்தில சொல்லோணும்” என்றார் தம்பி. ஒரு மணித்தியாலம் தருவதாக வந்தவர் பின்னேரம் வரை இருந்தார். காசு கேட்டிருந்தால் ஆயிரம் ரூபாயோடு போயிருப்பார்.

உங்களுக்கு என் யோசனை: கூப்பிடுவார்கள் என்று காத்திருக்காதீர்கள். படுவான்கரையில் படிப்பிக்கிற பழைய மாணவர்கள் பத்துப் பேரை நீங்களே சேர்த்துக்கொண்டு, ஏ.எல். முடிவு வருகிற காலத்தில் ஒரு படிவ உதவி நாள் வையுங்கள். பல்கலைக்கழகத்திடம் ஒரு ஆளை மட்டும் அனுப்பச் சொல்லிக் கடிதம் போடுங்கள். அனுப்புவார்கள். அனுப்பாவிட்டால் எனக்கு எழுதுங்கள்.

1989 இல் விஞ்ஞான பீடத்தில் சேர்ந்தேன். 1990 ஜூனில் சண்டை தொடங்கியதோடு படிப்பு நின்றது. நாட்டை விட்டு வந்தேன், பட்டம் எடுக்கவில்லை. இங்கே உள்ள சங்கக் கிளையில் “பட்டதாரிகள் மட்டும்” என்கிறார்கள். நான் பழைய மாணவன் இல்லையா?
— சூரிச் வாசகர்

நீங்கள் பழைய மாணவர்தான் தம்பி.

பட்டம் எடுத்தவர்தான் அங்கத்தவர் என்று யாப்பில் எழுதிவைத்தவர்கள் வேறு ஊர்ச் சங்கத்து யாப்பைப் பார்த்து எழுதியிருப்பார்கள். இந்த மண்ணின் பல்கலைக்கழகத்துக்கு அது பொருந்தாது. 1990 இல் வந்தாறுமூலை வளாகமே அகதி முகாமாக இருந்தது. ஆயிரக்கணக்கான சனம் விரிவுரை மண்டபங்களில் படுத்தெழும்பியது. செப்டெம்பர் 5 ஆம் திகதி அந்த முகாமிலிருந்து 158 பேர் கொண்டுபோகப்பட்டுக் காணாமலாக்கப்பட்டார்கள். அப்படியொரு காலத்தில் படிப்பை முடித்தவர் யார், முடிக்காதவர் யார் என்று தராசில் நிறுக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது? பதிவிலக்கம் இருந்தால் அங்கத்தவர் என்று யாப்பைத் திருத்தச் சொல்லுங்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முன்னரே எழுத்தில் பிரேரணை கொடுக்கவேண்டும், அன்றைக்கு எழும்பி நின்று கேட்டால் “அடுத்த வருடம் பார்ப்பம்” என்பார்கள்.

இதோடு சேர்ந்த ஒன்றையும் பொறுப்பாளர்களுக்குச் சொல்லவேண்டும். இறந்துபோனவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து அழிக்காதீர்கள். கடிதம் அனுப்புகிற பட்டியலிலிருந்து மட்டும் எடுங்கள். சுனாமியில் போன பிள்ளையின் வீட்டுக்கு “அங்கத்துவப் பணம் கட்டவும்” என்று கடிதம் போய், தாய் அதை எடுத்துக்கொண்டு நேரே அலுவலகத்துக்கு வந்த சம்பவம் எனக்குத் தெரியும். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். அந்தத் தாய் சண்டை பிடிக்கவில்லை. “அவன்ட பேர் இன்னும் இஞ்ச இருக்கா, காட்டுங்க” என்றுதான் கேட்டார்.

இந்தப் பழைய மாணவர் சங்கம் என்கிற பழக்கம் முதலில் எங்கே தொடங்கியது?
— மாணவி, கல்முனை

இன்றுவரை தொடர்ந்து இயங்குகிறவற்றில் மிகப் பழையது என்று சொல்லப்படுவது அமெரிக்காவில் மசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வில்லியம்ஸ் கல்லூரியின் சங்கம். 1821 இல் தொடங்கியது. தொடங்கின காரணம்தான் ருசியானது. ஊர் ஒதுக்குப்புறமாக இருக்கிறது, இங்கே கல்லூரி நிலைக்காது என்று சொல்லி அதன் தலைவரே மாணவர்கள் சிலரையும் கூட்டிக்கொண்டு அம்ஹெர்ஸ்ட் என்ற இடத்தில் புதிய கல்லூரி தொடங்கப் போய்விட்டார். நாம் படித்த இடம் மூடப்பட்டுவிடும் போலிருக்கிறதே என்று பழைய மாணவர்கள் கூடினார்கள். கல்லூரி தப்பியது, இப்போதும் நடக்கிறது. காசு சேர்ப்பதெல்லாம் பிறகு ஒட்டிக்கொண்ட வேலை.

ஒதுக்குப்புறம், நிலைக்காது என்ற பேச்சை நம்முடைய பக்கமும் கேட்டிருக்கிறோம்.

ஒலுவிலில், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தேன். எங்கள் பட்ச்சில் சிங்களப் பிள்ளைகள் நிறைய. செய்திமடல் தமிழில் போட்டால் அவர்களுக்கு விளங்காது, ஆங்கிலத்தில் போட்டால் யாருமே வாசிப்பதில்லை. என்ன செய்யலாம்?
— பொறியியலாளர், அக்கரைப்பற்று

மூன்று மொழியிலும் போடுங்கள், ஆனால் நீளத்தைக் குறையுங்கள். ஒரு பக்கம் போதும். கணினியில் போட்டு மொழிபெயர்த்து அப்படியே அனுப்பாதீர்கள். உபவேந்தரின் பதவிப் பெயரே வேறு என்னமோவாக வந்து நிற்கும். உங்கள் பட்ச்சிலேயே குருணாகலிலோ மாத்தறையிலோ ஒரு ஆள் இருப்பார், அவரிடம் சிங்களப் பக்கத்தைக் கொடுங்கள். அதைவிட நல்ல பழைய மாணவர் தொடர்பு இல்லை.

தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996 இல் பல்கலைக்கழகமானது. ஒலுவிலின் கடல்காற்றில் நாலு வருடம் இருந்துவிட்டுத் தெற்கே திரும்பிப் போன பிள்ளைகள் அந்த ஊரைப் பற்றித் தங்கள் வீட்டில் என்ன சொல்லுகிறார்கள் என்பது எனக்குப் பெரிய விசயம். அவர்களை ஒரு நோன்பு திறக்கும் நிகழ்வுக்கு அழைத்துப் பாருங்கள். நோன்புக் கஞ்சியை மறந்தவர் எவரும் இருக்கமாட்டார்.

எங்கள் பட்ச் ஒன்றுகூடலுக்குத் திகதி வைக்கமுடியாமல் ஒரு வருடமாக வட்ஸ்அப்பில் அடிபடுகிறோம். நல்ல நாள் ஒன்று சொல்லுங்கள் மெடம்.
— விவசாய பீடம், பழைய பட்ச் ஒன்று

விவசாய பீடம் படித்துவிட்டு என்னிடம் கேட்கிறீர்கள்! மாசி, பங்குனியில் மாரிப் போக அறுவடை, பாதிப்பேர் வயலில். சித்திரையில் வருடப்பிறப்பு, ஆளாளுக்கு ஊர்ப்பயணம். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, எந்த ஊரில் எப்போது கதவு திறக்கிறார்கள் என்று பார்த்துத்தான் ஆட்கள் அசைவார்கள். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம். கார்த்திகை, மார்கழி வெள்ளம். வந்தவர் திரும்பிப் போகமுடியாமல் போகலாம். நோன்பு வருடா வருடம் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும், கலண்டரில் பாருங்கள். ஆசிரியர்கள் இருந்தால் பரீட்சைக் கடமை வேறு.

மிஞ்சுவது ஆவணி. தீர்த்தம் முடிந்து ஒரு கிழமை விட்டு வருகிற சனிக்கிழமையைப் பிடியுங்கள். வெளிநாட்டு ஆட்களும் பிள்ளைகளின் விடுமுறையோடு அப்போதுதான் நிற்பார்கள். வட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு வைக்காதீர்கள், திகதியைச் சொல்லிவிட்டு யார் வருவீர்கள் என்று மட்டும் கேளுங்கள். காலை ஒன்பதரைக்குத் தொடங்கி மூன்று மணிக்கு முடியுங்கள். வெல்லாவெளிப் பக்கம் போகிறவர்கள் பஸ் பிடிக்கவேண்டும். பேச்சாளர் இரண்டு பேர், ஆளுக்குப் பத்து நிமிடம். சாப்பாட்டில் மரக்கறியைத் தனி மேசையில் தனிக் கரண்டியோடு வையுங்கள். இறைச்சி ஹலால் கடையில் வாங்கினது என்று முன்கூட்டியே குழுவில் சொல்லிவிடுங்கள், வந்த இடத்தில் ஒருவரும் கேட்டுச் சங்கடப்படக்கூடாது. எருமைத் தயிரை அன்று காலையில்தான் எடுக்கவேண்டும். சாப்பாட்டுக்கு ஆள் எண்ணும்போது கவுண் எடுத்துத் தந்த பழைய அலுவலக உதவியாளரையும் ஹொஸ்டல் காவலாளியையும் சேர்த்து எண்ணுங்கள், அவர்களுக்கும் அழைப்பு அனுப்புங்கள்.